சரக்குக்கும் உண்டு பிறப்புப் பத்திரம்



உங்கள் அடுப்படியை ஒரு சுற்றுப் பாருங்கள். பிஸ்கட் டின் இருக்கும். சமையல் எண்ணெய் இருக்கும். கொத்தமல்லி, மிளகாய் வற்றல், சீரகம், மஞ்சள் என்று அஞ்சறைப் பெட்டி நிறைந்திருக்கும். இவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது எந்த நாட்டுச் சரக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பிஸ்கட் டின்னில் மலேசியாவில் செய்தது என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அதற்கான கோதுமை நம் மண்ணில் விளைவதில்லை. ஆஸ்திரேலியா போன்ற தூர தேசங்களிலிருந்து கப்பலில் வருகிறது. அப்படியானால் அது மலேசியப் பிஸ்கட்டா, ஆஸ்திரேலியப் பிஸ்கட்டா?

இது பொழுதுபோக்குக்குப் போடும் விடுகதை அன்று. இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே நாடுகள் கூடிப் பேசிச் சட்டம் எழுதி வைத்திருக்கின்றன. விடை ஒரு விதமாக இருந்தால் சரக்குக்கு வரி இல்லை. வேறு விதமாக இருந்தால் வரி கட்ட வேண்டும். நீங்களும் நானும் வாழும் தோட்டங்களில் வெட்டுகிற செம்பனைக் குலைக்கும், சீவுகிற பால்மரத்துக்கும் இந்தச் சட்டம் நேரடிச் சம்பந்தம் உள்ளது.

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளிக்கு வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுத்து வருகிறவள். ஒருநாள் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்து நின்றார். வீட்டிலேயே மசாலைத் தூள் அரைத்து விற்பவர். "டீச்சர், மேடானில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்காரர் அங்கே ஒரு கடைக்கு என் தூளை அனுப்பச் சொல்கிறார். ஆனால் மல்லியும் மிளகாயும் இந்தியாவிலிருந்து வருகிறதால் இது மலேசியச் சரக்கு ஆகாது, வரி விழும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். நிஜமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கிறான். அவனிடம் கேட்டேன். அவன் சொன்னதையும், பின்னர் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டுறவுக் கடைக் கதை

ஒரு நாட்டுக்குள் வெளிநாட்டுச் சரக்கு நுழைந்தால் சுங்கவரி கட்ட வேண்டும் என்பது பழைய வழக்கம். பிறகு சில நாடுகள் தங்களுக்குள் உறவு பேசிக் கொண்டன. "உன் சரக்குக்கு நான் வரி போட மாட்டேன், என் சரக்குக்கு நீ போடாதே" என்பதுதான் அந்த உறவு. இதற்குத் தடையற்ற வணிக ஒப்பந்தம் என்று பெயர். நம் ஆசியான் நாடுகள் 1992 ஜனவரியில் சிங்கப்பூரில் இப்படிக் கையெழுத்திட்டன. பிறகு 2009-இல் பத்து ஆசியான் நாடுகளும் விரிவான ஒப்பந்தம் ஒன்றைச் செய்து, அது 2010 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவோடு ஆசியானுக்கு ஓர் ஒப்பந்தம் 2010 முதல் இருக்கிறது. மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் மட்டுமான தனி ஒப்பந்தம் 2011 ஜூலை முதல் நடப்பில் உள்ளது.

உறவு பேசினால் மட்டும் போதுமா? தோட்டத்துக் கூட்டுறவுக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கத்தினருக்கு அரிசியில் தள்ளுபடி உண்டு, மற்றவர்களுக்குக் கிடையாது. அங்கத்தினர் ஒருவர் தம் அட்டையைக் கொண்டுபோய் ஊரில் உள்ள பத்துப் பேருக்கு மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? தள்ளுபடி யாருக்காக வைத்தார்களோ அவர்களைச் சேராது. கடையும் நொடித்துப் போகும்.

நாடுகளுக்கும் அதே பயம். உறவு பேசாத நாட்டுச் சரக்கு, உறவு பேசிய நாட்டின் வழியாகப் பின்வாசலில் நுழைந்துவிடக் கூடாது. வந்திறங்கிய பெட்டியின் உறையை மாற்றி, புது ஊர்ப் பெயரை ஒட்டி, வரியில்லாமல் தள்ளிவிடக் கூடாது. ஆகவே, "இந்தச் சரக்கு உண்மையில் எங்கே பிறந்தது?" என்று கேட்டுத் தீர்மானிக்க விதிகள் செய்தார்கள். பிறப்பிட விதிகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரியே இல்லாத இடத்தில் இந்தச் சலுகைக்கு வேலை இல்லை. சிங்கப்பூர் சில மதுபானங்களைத் தவிர மற்றச் சரக்கு எதற்கும் இறக்குமதிச் சுங்கவரி வாங்குவதில்லை. ஆகையால் வரிச் சலுகைக்காக அங்கே இந்தப் பத்திரத்தைத் தேட வேண்டியதில்லை. வரி உள்ள நாட்டுக்கு அனுப்பும்போதுதான் இதன் அருமை தெரியும்.

விதை எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை

முதல் விதி எளிமையானது. ஒரு நாட்டு மண்ணில் விளைந்து, அங்கேயே அறுவடையானது முழுக்க முழுக்க அந்த நாட்டுச் சரக்கு. அங்கே பிறந்து வளர்ந்த ஆடுமாடுகளும் அப்படியே. தோண்டி எடுத்த ஈயமும் அப்படியே. ஆழ்கடலில் பிடித்த மீனுக்கு மண் இல்லையே என்பீர்கள். அங்கே கப்பலின் பதிவையும் அதில் பறக்கும் கொடியையும் பார்க்கிறார்கள்.

இந்த விதியைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அது விதையைப் பற்றிக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

நம் பால்மரம் எங்கிருந்து வந்தது? பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து. 1876-இல் அங்கிருந்து விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் முளைக்க வைத்தார்கள். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அந்த வழியில் வந்தவைதான் நம் பாட்டன்மார் மங்கு கட்டிய கித்தா மரங்கள். செம்பனையோ மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நட்டார்கள். முதலில் இங்கே அது அழகுக்கு வைக்கும் மரமாகத்தான் இருந்தது. வணிகப் பயிராக முதன்முதலில் நட்டது 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்.

பிரேசில் விதை, ஆப்பிரிக்க விதை. ஆனாலும் சுங்கத்தின் ஏட்டில் நம் ரப்பர் மலேசிய ரப்பர், நம் எண்ணெய் மலேசிய எண்ணெய். எத்தனை தலைமுறைக்கு முன் வந்தது, எந்தக் கப்பலில் வந்தது என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. இந்த மண்ணில் விளைந்ததா, இங்கே அறுத்து எடுத்தார்களா என்றுதான் கேட்கிறார்கள்.

கைபட்ட வேலைக்குக் கணக்கு

எல்லாச் சரக்கும் ஒரே மண்ணில் விளைவதில்லை. பிஸ்கட்டுக்கு வருவோம். கோதுமை வெளியிலிருந்து வருகிறது. இங்கே அதை அரைத்து, சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து சுடுகிறார்கள். இப்படிப்பட்ட சரக்குக்கு ஆசியான் ஒப்பந்தத்தில் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. இரண்டில் ஒன்றில் தேறினால் போதும்.

ஒரு வழி, வகை மாற்றம். உலகத்தில் விற்கும் சரக்குகள் எல்லாவற்றுக்கும் சுங்கத்துறையில் எண் உண்டு. கோதுமைக்கு 1001, கோதுமை மாவுக்கு 1101, பிஸ்கட்டுக்கு 1905. உள்ளே வந்தபோது ஓர் எண்ணும், வேலை செய்து முடித்தபின் வேறோர் எண்ணும் இருக்குமானால், இங்கே உண்மையான வேலை நடந்திருக்கிறது என்று ஒப்புக் கொள்கிறார்கள். கோதுமை பிஸ்கட் ஆகிவிட்டது. இனி அது மலேசியப் பிஸ்கட்.

மற்றொரு வழி, மதிப்புக் கணக்கு. சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை ஆகும் விலையில் குறைந்தது 40 விழுக்காடு ஆசியான் நாடுகளுக்குள்ளேயே உண்டானதாக இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை செய்யக்கூடிய கணக்குத்தான். விலையிலிருந்து அந்நியச் சாமான்களின் விலையைக் கழி, மீதியை விலையால் வகு, நூறால் பெருக்கு. பத்து வெள்ளிச் சரக்கில் அந்நியச் சாமான் ஆறு வெள்ளி என்றால் 40 விழுக்காடு, தேறியது. ஆறு வெள்ளி பத்துக் காசு என்றால் 39 விழுக்காடு, தேறவில்லை. பத்துக் காசில் தலையெழுத்து மாறிவிடுகிறது!

அந்த மீதியில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். உள்நாட்டுச் சாமானின் விலை இருக்கிறது. மின்சாரமும் வாடகையும் இருக்கின்றன. நியாயமான லாபம் இருக்கிறது. இவற்றோடு உழைத்தவரின் கூலியும் இருக்கிறது. இந்த மதிப்பைக் கூட்டிக் கணக்குப் பார்க்கும் முறையும் ஒன்று உண்டு; அதில் தொழிலாளர் கூலி என்று தனியாகவே ஓர் இனம் வைத்திருக்கிறார்கள். ஒரு சரக்கு எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும்போது, அங்கே சிந்திய வேர்வைக்கும் விழுக்காடு போடுகிறார்கள்.

வேலை என்று ஒப்புக் கொள்ளாதவையும் உண்டு. வெளியிலிருந்து வந்த சரக்கைச் சிறு பொட்டலமாகக் கட்டுவது, புது உறை போடுவது, பயணத்தில் கெடாமல் பாதுகாப்பது போன்றவை மட்டும் செய்துவிட்டு ஊர்ப் பெயரை மாற்ற முடியாது. சென்னையிலிருந்து வந்த சேலைக்கு ஓரம் அடித்துவிட்டால் அது மலேசியச் சேலை ஆகிவிடாது. ஆனால் துணியை வாங்கி, இங்கே அளந்து வெட்டி, தைத்து முழு உடையாக்கினால் கதை வேறு. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் நம் பெண்களுக்கு இந்த வேற்றுமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. ஆசியான் நாடு ஒன்றின் சரக்கை மற்றோர் ஆசியான் நாடு பயன்படுத்தினால், அதை அந்நியமாகக் கருத வேண்டாம் என்கிறது ஒப்பந்தம். நம் கையுறைத் தொழிற்சாலைகளுக்குத் தாய்லாந்திலிருந்து ஏராளமாக ரப்பர் பால் வருகிறது. ஆசியானுக்குள் அனுப்பும் கையுறைக்கு அந்தப் பாலும், உரிய பத்திரம் இருந்தால், சொந்தச் சரக்காகவே கணக்காகும்.

மசாலைத் தூள் கணக்கு

இப்போது அந்தத் தாயின் மசாலைத் தூளுக்கு வருவோம். நம்மிடம் கேட்டவருக்கு வெறும் ஆறுதல் சொல்லி அனுப்பலாமா? இருவரும் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சுலபமாக இருக்கட்டும் என்று காசுகளை விட்டுவிட்டு வெள்ளியில் சொல்கிறேன்.

ஒரு கிலோ தூளுக்கு மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு என்று இந்தியச் சாமான்கள் 12 வெள்ளி. இங்கே வாங்கியது, எரிவாயு, அரைக்கும் கூலி, உறை எல்லாம் சேர்த்து 4 வெள்ளி. அதற்கு மேல் 2 வெள்ளி வைத்து 18 வெள்ளிக்குக் கொடுக்க எண்ணியிருந்தார். 18-இல் 12 போனால் மீதி 6. மூன்றில் ஒரு பங்கு. அதாவது 33 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். நாற்பதுக்கு எட்டவில்லை.

"அப்படியானால் அவர் சொன்னது சரிதானா டீச்சர்?" என்றார் முகம் வாடி.

அவருடைய நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மல்லி விலை இருந்தது, பஸ் செலவு இருந்தது, ரப்பர் பட்டை வாங்கிய காசுகூட இருந்தது. ஒன்று மட்டும் இல்லை.

"விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வெயிலுக்கு முன்னால் சாமானைப் புடைக்கிறீர்கள். அடுப்பில் நின்று வறுக்கிறீர்கள். இருமிக் கொண்டே சலிக்கிறீர்கள். உங்கள் கூலி எங்கே அம்மா?"

"என் வீட்டு வேலைக்கு நானே கூலி போட்டுக் கொள்வதா?" என்று சிரித்தார்.

போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோவுக்கு அவர் உழைப்பு 6 வெள்ளி பெறும் என்று இருவரும் ஒப்புக் கொண்டோம். விலை 24 ஆயிற்று. ஊரில் விற்கிற நல்ல தூளின் விலையைவிட அது ஒன்றும் அதிகம் இல்லை. 24-இல் 12 போனால் மீதி 12. சரிபாதி, 50 விழுக்காடு! அதே மல்லி, அதே மிளகாய், அதே அடுப்பு. தம் உழைப்புக்கு விலை வைக்காதபோது நாற்பதுக்கு எட்டாத தூள், விலை வைத்ததும் தாண்டிவிட்டது.

இதைப் படிப்பவர்கள் உடனே பெட்டி கட்டக் கிளம்பிவிட வேண்டாம். சில சரக்குகளுக்குத் தனி விதிப் பட்டியல் உண்டு. தூளுக்குரிய எண்ணைப் பார்த்து, அதற்குரிய விதியில் அது தேறுகிறதா என்று அதிகாரிகள்தான் முடிவு சொல்ல வேண்டும். உணவுப் பொருள் என்பதால் வேறு அனுமதிகளும் தேவை. ஆனால் உழைப்பின் விலை விடுபட்டுப் போனால் எந்த விதியிலும் நட்டம் நம் பக்கம்தான் என்பது மட்டும் உறுதி.

நம் எண்ணெய் பெயர் மாறிய கதை

பெரிய வணிகத்தில் இந்த விதிகள் என்ன செய்கின்றன என்பதற்கு நம் செம்பனை எண்ணெயே நல்ல சாட்சி.

2019 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய்க்கு இரண்டு விதமான வரி வைத்தது. மலேசிய எண்ணெய்க்கு 45 விழுக்காடு. இந்தோனேசியா முதலிய மற்ற ஆசியான் நாடுகளின் எண்ணெய்க்கு 50 விழுக்காடு. மலேசியாவோடு செய்த தனி ஒப்பந்தம்தான் காரணம். போர்னியோ தீவை நினைத்துப் பாருங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் சபா, சரவாக். அந்தப் பக்கம் கலிமந்தான். ஒரே மழை, ஒரே வெயில், ஒரே சாதி மரம். எண்ணெயைப் பிழிந்து புட்டியில் ஊற்றினால் யாராலும் வேறு பிரிக்க முடியாது. ஆனால் பிறப்பிடப் பத்திரத்தில் எழுதியிருக்கும் பெயரால் நூற்றுக்கு ஐந்து வெள்ளி வித்தியாசம். மலேசிய எண்ணெய் இந்தியாவுக்கு நிறையப் போயிற்று. அங்குள்ள ஆலைக்காரர்களுக்கு அது இடைஞ்சலாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா மலேசிய எண்ணெய்க்கும் வரியை ஏற்றி 50 ஆக்கி, அந்த வித்தியாசத்தை அப்போதைக்கு நீக்கிவிட்டது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்த 2019, 2020 ஆண்டுகளில் நேபாளத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் முன்னணிக்கு வந்த சரக்கு எது தெரியுமா? செம்பனை எண்ணெய்! இமயமலை அடிவாரத்தில் ஏது செம்பனைத் தோட்டம்? மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கச்சா எண்ணெயை வாங்கிக் கொண்டுபோய், அங்கே சுத்திகரித்து, தெற்காசிய நாடுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வரியின்றி அனுப்பினார்கள். நேராகப் போனால் 50 விழுக்காடு. மலையைச் சுற்றிப் போனால் ஒன்றுமில்லை. போதுமான மதிப்பு அங்கே சேர்ந்ததா என்ற வாதம் எழுந்தது. 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கே கட்டுப்பாடு கொண்டு வந்தது. மலேசியாவோடு அப்போது இருந்த அரசியல் மனத்தாங்கலும் அதற்கு ஒரு காரணம் என்று பேசினார்கள்.

இது முதல் தடவையும் அன்று. இந்தியாவும் இலங்கையும் 1998-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 2000-இல் நடப்புக்கு வந்தது. அதன்பின் இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் பல தோன்றின. வெளியிலிருந்து செம்பனை எண்ணெயை இறக்கி, வனஸ்பதியாக உறைய வைத்து, இந்தியாவுக்கு வரியின்றி அனுப்பினார்கள். எண்ணெய் வனஸ்பதி ஆனதும் சுங்க எண் மாறிவிடுகிறது அல்லவா? இந்திய ஆலைகள் கூக்குரலிடவே, இவ்வளவுதான் வரலாம் என்று இந்தியா அளவு கட்டியது. நேபாள வனஸ்பதிக்கும் 2002-இல் ஆண்டுக்கு 1,00,000 டன் என்று அளவு வைத்தார்கள்.

நேபாளத்தில் ஆலை வைத்தவரையோ இலங்கையில் வேலை பார்த்தவரையோ நான் குறை சொல்லவில்லை. அங்கும் ஆலைகளில் ஆட்கள் உழைத்தார்கள். விதியில் இடம் இருந்தது, பயன்படுத்தினார்கள். ஆனால் இந்த வாசல் திறப்பதும் மூடுவதும் யாரைப் பாதிக்கிறது? எண்ணெய் விலை இறங்கினால் கம்பெனிக்காரர் அறிக்கை விடுவார். சொந்தமாக ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரோ, குலையை லாரியில் ஏற்றிவிட்டு, அன்றைய விலையைக் கேட்டுத் தலையில் கை வைப்பார். தூரத்துத் தலைநகரத்தில் ஒரு வரி எழுதினால், நம் கம்பத்து மளிகைக் கடையில் கடன் நோட்டு கனக்கிறது.

தாளின் பலம்

சரக்கு நிஜமாகவே இங்கே பிறந்ததாக இருக்கலாம்; அதைச் சொல்லத் தாள் வேண்டும். ஆசியானுக்குள் அந்தத் தாளுக்கு 'டி' பாரம் என்று பெயர். மலேசியாவில் மித்தி எனப்படும் வாணிப அமைச்சு அதைக் கொடுக்கிறது. 2018 முதல் மலேசியா உட்பட ஐந்து நாடுகள் அதை மின்னியல் வழியில் அனுப்பிக் கொள்ளத் தொடங்கின. 2020 செப்டம்பரிலிருந்து, அங்கீகாரம் பெற்ற ஏற்றுமதியாளர்கள் தாங்களே பிறப்பிடத்தை எழுதிச் சான்று சொல்லும் முறையும் ஆசியான் முழுவதற்கும் வந்தது. 200 அமெரிக்க டாலருக்கு மேற்படாத சிறு சரக்குக்கு இந்தப் பாரமே தேவையில்லை.

கொடுத்த தாளோடு காரியம் முடிவதில்லை. கணக்கையும் ரசீதுகளையும் குறைந்தது மூன்று ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். இந்தியாவும் 2020 செப்டம்பர் முதல், சலுகை கேட்டு இறக்குமதி செய்கிறவரே சரக்கு எப்படி உண்டானது என்ற விவரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்துவிட்டது.

இதில் என் மனத்தை உறுத்திய விதி ஒன்று. ஒரு சாமான் எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால், அதை அந்நியச் சாமானாகவே கணக்கில் எழுத வேண்டும். கடையில் சில்லறையாக வாங்கிய மஞ்சள் உண்மையில் இந்த நாட்டில் விளைந்ததாகவே இருக்கட்டும். தாள் இல்லையா? அந்நியம்தான்.

என் அப்பாயி நினைவுக்கு வந்துவிட்டார். ஏழு வயதில் பெற்றோர் கையைப் பிடித்துக் கொண்டு கப்பலில் வந்தவர். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவினார். ஒட்டுப்பால் நாற்றம் அவர் சேலையை விட்டுப் போனதே இல்லை. அவர் வாளியில் சுமந்த பால் இந்த நாட்டுச் சரக்காக உலகமெல்லாம் போயிற்று. அவருக்கோ கடைசி வரையில் சிவப்பு அடையாளக் கார்டுதான். எத்தனை முறை எந்த முகப்பில் போய் நின்றாலும், "பிறப்புப் பத்திரம் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வி. 1998-இல் அந்தச் சிவப்புக் கார்டோடுதான் கண்ணை மூடினார்.

மனிதரைச் சரக்கோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். மனிதர் சரக்கைவிட எவ்வளவோ மேல் என்பதால்தான் எனக்கு ஆற்றாமை. பிரேசில் விதையில் முளைத்த மரத்தின் பாலுக்கு, இங்கே விளைந்தது என்ற ஒன்றே போதுமாக இருந்தது. அந்தப் பாலை எடுத்தவருக்கு நாற்பது ஆண்டு வேலை போதவில்லை.

ஆகையால் சொல்கிறேன், தாளை அலட்சியம் செய்யாதீர்கள். பிள்ளை பிறந்தால் நாள் தவறாமல் சூரா பிரானா எடுத்துவிடுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். பாட்டி தாத்தா பெட்டியில் இருக்கும் பழைய சம்பளச் சீட்டையும், தோட்டத்து ஆயாக் கொட்டகை அட்டையையும் குப்பை என்று எரித்துவிடாதீர்கள். இந்தக் காலத்திலும் தாள் இல்லாத காரணத்தால் பள்ளிச் சேர்க்கைக்கு அலைகிற பெற்றோரை நான் பார்க்கிறேன்.

வீட்டில் தொழில் செய்யும் பெண்களுக்கும் இரண்டு வார்த்தை. சாமான் வாங்கும் கடையில் ரசீது கேட்டு வாங்குங்கள். எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். உளுந்து மியன்மாரிலிருந்து வந்ததாக இருந்தால் அது ஆசியான் சரக்கு. இந்தியாவிலிருந்து வந்ததாக இருந்தால் ஆசியான் கணக்கில் அது அந்நியம். ருசியில் பேதம் தெரியாது, கணக்கில் தெரியும். கைத்தொழிலை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், இந்தப் பழக்கம் வீண் போகாது.

பெற்றோர்களே, பிள்ளை கணக்கில் சுமார் என்றதும் தொழிற்சாலை வேலைக்குத்தான் லாயக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். துறைமுகத்திலும் சுங்கத் தரகர் அலுவலகங்களிலும் விழுக்காட்டுக் கணக்கும் பொறுமையும் தெரிந்த பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. என்னிடம் படித்த அந்தப் பையனும் வகுப்பில் முதல் மாணவன் அல்லன். ஆனால் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பான். இன்று கப்பலேறும் சரக்குக்குப் பிறப்புப் பத்திரம் எழுதுகிறான்.

இன்று இரவு பிள்ளை வீட்டுப் பாடம் எழுதும்போது, நீங்களும் பக்கத்தில் ஒரு நோட்டை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் செய்து விற்கும் பலகாரமோ, தைக்கும் சட்டையோ, கட்டும் பூவோ, ஏதாவது ஒன்றின் கணக்கை எழுதுங்கள். வாங்கிய சாமானை எல்லாம் எழுதுமுன், முதல் வரியில் உங்கள் கூலியை எழுதுங்கள். கூட்டலைப் பிள்ளை பார்த்துக் கொள்ளும்.